‘பாபநாசம்’ மறைத்ததும் திருச்செங்கோடு காட்டியதும்

சென்ற பருவத்தில் இளநிலை இயற்பியல் மாணவர்களுக்கு ஒளிர்தல் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெப்பமின்றி, வேதி வினையாலேயே ஒளி தோன்றும் விந்தைக்கு எடுத்துக்காட்டாக லூமினால் என்னும் பொருளைச் சொன்னேன். கழுவித் துடைத்த தரையிலும் இரத்தத்தின் சுவடு எஞ்சியிருந்தால், அதன்மேல் இக்கரைசலைத் தெளித்து விளக்கை அணைத்ததும் நீல ஒளி தெரியும் என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஏனுங்க சார், இதெல்லாம் இருந்தும் ‘பாபநாசம்’ படத்துல போலீசால ஒண்ணும் கண்டுபுடிக்க முடியலீங்களே?” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அக்கேள்வி என்னுடன் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

ஜீத்து ஜோசப் இயக்கி, கமல்ஹாசன் நடித்த இப்படம் 2015 ஜூலை 3ஆம் நாள் வெளிவந்தது. 2013இல் வந்த ‘திருஷ்யம்’ என்னும் மலையாளப் படத்தின் தமிழ் வடிவம் இது. கதை அநேகமாக எல்லாரும் அறிந்ததே. கேபிள் டி.வி. நடத்தும் சுயம்புலிங்கம் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். உலக அறிவு முழுவதையும் சினிமாவிலிருந்து பெற்றவர். அவருடைய மூத்த மகளைக் கள்ளத்தனமாகப் படம் பிடித்து மிரட்டிய இளைஞன் ஒருவன், தற்காப்பில் விழுந்த அடியால் இறந்துபோகிறான். அவன் காவல் துறை உயரதிகாரி ஒருவரின் மகன். உடலைப் புதைத்து, காரைக் கல்குவாரி நீரில் தள்ளி, குடும்பம் அன்று ஊரிலேயே இல்லை என்று பலரையும் நம்பவைத்து, சுயம்புலிங்கம் தப்பிவிடுகிறார்.

படமாக இது சிறந்த படம். நடிப்பும், ஜெயமோகன் எழுதிய நெல்லைத் தமிழ் உரையாடலும், முடிச்சு விழும் முறையும் பாராட்டுக்குரியவை. அந்தக் குடும்பம் தப்பவேண்டும் என்று நானும் மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே கலையைக் குறைகூற இதை எழுதவில்லை. இப்படம் சான்று என்பதைப் பற்றி நமக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது? அது சரியா? இதுவே என் கேள்வி.

படத்தில் மெய்யான விஞ்ஞானம்

முதலில் படத்தின் பெருமையைச் சொல்வோம். சுயம்புலிங்கம் சாட்சிகளுக்குப் பணம் கொடுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. சம்பவத்துக்குப் பின்னர் ஒருநாள் குடும்பத்தோடு வெளியூர் செல்கிறார். பஸ் கண்டக்டர், உணவு விடுதிக்காரர், தியேட்டர் ஆபரேட்டர் ஆகியோருடன் மனத்தில் பதியும்படி பழகுகிறார். பிறகு மீண்டும் சந்தித்துப் பேச்சோடு பேச்சாக அந்தச் சந்திப்பின் தேதியை மட்டும் மாற்றிப் பதியவைக்கிறார். அவர்கள் பொய் சொல்வதாகத் தெரியாமலே பொய்ச் சாட்சி சொல்கிறார்கள்.

இது கற்பனை அன்று. 1974இல் அமெரிக்க உளவியலார் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் ஆகிய இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துண்டு ஒன்றைக் காட்டினார்கள். 50 பேர் கொண்ட ஒரு குழுவிடம், “கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் சென்றன?” என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம், “கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம்?” என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, “உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?” என்ற கேள்வி எல்லாரிடமும் வைக்கப்பட்டது. படத்துண்டில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆயினும் முதல் குழுவில் 16 பேரும், இரண்டாம் குழுவில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல் இல்லாத கண்ணாடியை உடைத்துவிட்டது!

நினைவு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டிய போட்டோ அன்று. எடுக்கும்போதெல்லாம் சற்றே திருத்தி எழுதப்படும் குறிப்பு. இதைச் சாமானிய ரசிகனுக்கும் விளங்கும்படி சொன்ன தமிழ்ப் படம் ‘பாபநாசம்’போல் வேறொன்றை நான் பார்த்ததில்லை. மனிதச் சாட்சியைப் பற்றிய வரையில் இப்படம் நல்ல ஆசிரியர்.

வாய் மூடிய பொருள்கள்

ஆனால் பொருட்சாட்சி என்று வரும்போது படம் கண்ணை மூடிக்கொள்கிறது. பிரான்ஸில் லியோன் நகரில், 1910இல் இரண்டு சிறு அறைகளில் ஆய்வுக்கூடம் தொடங்கிய எட்மண்ட் லோகார்டின் கருத்தைச் சுருக்கிச் சொன்னால், ஒன்றோடொன்று தொடும் எதுவும் தடயத்தைக் கொடுத்து வாங்காமல் பிரிவதில்லை. இக்கருத்தை உரைகல்லாக வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்போம்.

குற்றம் நடந்த இடத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். தலையில் அடிபட்டு ஒருவன் இறந்த இடத்தில் இரத்தம் சிந்தியிருக்க வாய்ப்பு உண்டு. இரத்தச் சிவப்பணுவில் உள்ள இரும்பு, லூமினால் வினையைத் தூண்டிவிடுகிறது. மிகச் சிறிய அளவே போதும். பிளீச்சிங் பவுடர் போன்றவையும் இவ்வொளியைத் தரும் என்பதால் லூமினால் முடிவான சான்று ஆகாது. எங்கே தேடவேண்டும் என்று காட்டும் கைவிளக்கு மட்டுமே. அந்தக் கைவிளக்கைப் படத்தின் காவலர்கள் ஒருமுறையும் ஏற்றிப் பார்க்கவில்லை.

அடுத்தது கார். நீரில் மூழ்கினால் எல்லாம் அழிந்தது என்பது பொதுவான எண்ணம். விரல் ரேகையில் வியர்வை மட்டுமின்றித் தோலின் கொழுப்பும் உண்டு. வியர்வையின் உப்பு நீரில் கரையும். கொழுப்பு எளிதில் கரையாது. மாலிப்டினம் டைசல்பைடின் நுண்துகள்களைச் சிறிது சோப்புக் கலந்த நீரில் கலக்கித் தெளித்தால், அவை கொழுப்பின்மேல் ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ரேகையைக் காட்டும். நீரில் கிடந்த கண்ணாடியிலும் உலோகத்திலும் இப்படி ரேகை கிடைத்ததுண்டு. கட்டாயம் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தேடாமலே இல்லை என்பது விஞ்ஞானம் ஆகாது.

மூன்றாவது, செல்போன். இறந்தவனின் சிம் கார்டை வேறொரு போனில் போட்டு, போகிற லாரியில் எறிந்துவிடுகிறார் நாயகர். டவர்ப் பதிவுகள் இளைஞன் வடக்கே போய்க்கொண்டிருப்பதாகச் சொல்கின்றன. அரங்கில் கைதட்டல் வாங்கிய தந்திரம் இது. ஆனால் ஒவ்வொரு போன் கருவிக்கும் 15 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. சிம் கார்டின் எண்ணோடு கருவியின் எண்ணும் கம்பெனியின் பதிவில் ஏறும். ஒரே சிம் அன்று திடீரென்று வேறொரு கருவிக்கு மாறியது என்று அந்தப் பதிவே சொல்லிவிடும். அக்கருவி எங்கே, எப்போது விற்றது என்ற கேள்வி அடுத்து வரும். போலீசை ஏமாற்ற வீசிய போனே அவரைத் தேடி வரும் வழியாகிவிட்டிருக்கும்.

நான்காவது குழி. என்னைப் பொறுத்தவரையில் படத்தின் பெரிய ஓட்டை இதுவே. அடி தாங்காமல் சிறிய மகள் குழியைக் காட்டுகிறாள். தோண்டுகிறார்கள். மனித உடலுக்குப் பதில் விலங்கின் உடல் வருகிறது. காவலர்கள் திகைத்து நின்றுவிடுகிறார்கள். தடய அறிவியல் தெரிந்தவர் அங்கே இருந்திருந்தால், அவருடைய வேலை அந்த நிமிடத்தில்தான் தொடங்கியிருக்கும். அந்தக் குழியில் ஒரு மனித உடல் சில காலமாவது கிடந்தது. தலைமுடி, துணியின் நூல், பொத்தான், இரத்தம் ஊறிய மண் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது எஞ்சியிருக்கக்கூடும். மண்ணைச் சல்லடையில் சலிக்கவேண்டும். கிடைத்த இரத்தம் மனிதனுடையதா, விலங்கினுடையதா என்று பிரித்தறியும் சோதனையை ஜெர்மானியர் பவுல் ஊலன்ஹூத் 1901லேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்கு 114 ஆண்டு கழித்து வந்த படத்தில், ஒரு விலங்கின் எலும்பைக் கண்டு காவல் துறையே பின்வாங்குகிறது.

இவை கதாசிரியரின் கவனக்குறைவு அல்ல. பொருள்கள் வாய் திறந்தால் கதை அரைமணியில் முடிந்துவிடும். ஆகவே அவற்றின் வாயைக் கதை கட்டிவிட்டது. கதைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்கவேண்டும். ஆய்வு இல்லாத இடத்தை அடி நிரப்புகிறது. குழந்தை என்றும் பாராமல் காவலர் அடிக்கும் காட்சியில் நாம் கொதிக்கிறோம். காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் குற்றத்துக்குச் சான்றாக ஏற்பதில்லை என்பது நம் சட்டத்தில் வெகுகாலமாக உள்ள விதி. ஆயினும் பொருளைத் தேடத் தெரியாத விசாரணை வாக்குமூலத்தையே தேடிப்போகிறது. கண் செய்யவேண்டிய வேலையைக் கை செய்கிறது. படம் இந்தக் கொடுமையைக் காட்டுகிறது. அதற்கு மாற்று உண்டு என்பதை மட்டும் காட்டவில்லை.

தமிழ்நாட்டுக் காவல் துறைக்கு இந்த மாற்று புதியதும் அன்று. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் சென்னையில்தான் அமைந்தது. 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கில், தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்மெயில் ரயிலேறி மானாமதுரை போய்ச் சேர்ந்தது. தலை சென்னை இராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையே என்பதை மருத்துவ ஆய்வு காட்டியது. அவர் இராணுவத்தில் பணியாற்றியபோது பதிவான விரல் ரேகை உடலின் ரேகையோடு பொருந்தியது. கம்ப்யூட்டரும் டி.என்.ஏ. சோதனையும் இல்லாத காலத்தில் இவ்வளவும் நடந்தது.

பத்து நாள் முன்பு நடந்தது

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய ஒரு தேதிப் பொருத்தத்துக்கு வருகிறேன். ‘பாபநாசம்’ திரைக்கு வந்தது 2015 ஜூலை 3. அதற்குப் பத்து நாள் முன்பு, ஜூன் 23ஆம் தேதி, நம் கொங்கு மண்ணில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குத் தன் தோழியுடன் சென்றார் கோகுல்ராஜ். சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அந்தப் பெண் வேறு சாதியினர். கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் பாதையில், தலை துண்டான நிலையில் அவர் உடல் கிடந்தது. தற்கொலை போலத் தோன்றும்படி எல்லாம் ஏற்பாடாகி இருந்தது.

அரங்கில் நாம் கைதட்டிக்கொண்டிருந்த அதே நாள்களில், ஒரு தாய் தன் மகன் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

இவ்வழக்கில் முக்கியமான மனிதச் சாட்சி அந்தத் தோழி. விசாரணையில் அவர் பிறழ்சாட்சி ஆனார். 2022 நவம்பரில் உயர்நீதிமன்றத்தில் கோயில் காமிராப் பதிவைக் காட்டிக் கேட்டபோதும், அதிலிருக்கும் பெண் தாம் அல்ல என்றே சொன்னார். அவரைக் குறைகூறுவது எளிது. ஊரும் உறவும் சூழ்ந்து நிற்க, தனி ஒரு பெண் உண்மையைச் சொல்வதன் விலை என்ன என்பதை அறியாதவர் நம் பக்கத்தில் யாரும் இல்லை.

மனித வாய் மூடியது. ஆனால் கோயிலில் பொருத்தியிருந்த காமிராக்களுக்குச் சாதி தெரியாது, பயமும் தெரியாது. கோகுல்ராஜும் அவர் தோழியும், யுவராஜும் அவருடன் வந்தவர்களும் அன்று அங்கே இருந்ததை அவை பதிவு செய்திருந்தன. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் 2023 ஜனவரியில் கோயிலையும் ரயில் பாதையையும் நேரிலேயே வந்து பார்த்தார்கள். அவ்வாண்டு ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.

‘பாபநாசம்’ படத்தில் மனிதர்கள் பேசினார்கள். பொருள்கள் மௌனமாக இருந்தன. திருச்செங்கோட்டில் மனிதர் மௌனமானார், பொருள் பேசியது. படத்தில் பொருள்களின் மௌனம் ஓர் ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றுவதால் நாம் மகிழ்கிறோம். வாழ்க்கையிலோ, ஆள்பலமும் பணபலமும் உள்ளவர்கள் சாட்சிகளை வாயடைக்கச் செய்யும்போது, எளியவர் பக்கம் மிஞ்சி நிற்பது அந்தப் பொருள்தான். அதன் மௌனத்தைக் கொண்டாடப் பழகிக்கொள்வது நமக்கு நல்லதன்று.

பொருளைப் பேசவைப்பது யார்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பொருள் தானாகப் பேசாது. துப்பறியும் நாவல்களும் திரைப்படங்களும் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். அவற்றில் துப்பறிவாளர் ஒரு முடியையோ பொத்தானையோ எடுப்பார்; கைக்குட்டையில் மடித்துப் பையில் போடுவார்; கடைசி அத்தியாயத்தில் வெளியே எடுப்பார். நீதிமன்றத்தில் அந்தப் பொத்தானுக்கு மதிப்பே இராது. எங்கே கிடந்தது? யார் எடுத்தார்? யார் முன்னிலையில் மகஜர் எழுதினார்? அரக்கு முத்திரை வைத்தது யார்? ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது முத்திரை உடையாமல் இருந்ததா? ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து உண்டா? சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடத்தில்தான் கைவைப்பார்.

காமிராப் பதிவுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். பதிவில் ஓரமாகத் தெரியும் நேரம் அந்தக் கருவியின் கடிகார நேரம். அது பத்து நிமிடம் முந்தியோ பிந்தியோ இருக்கலாம். கைப்பற்றும்போதே சரியான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறிக்கவேண்டும். பதிவை யாரும் திருத்தவில்லை என்று காட்ட ஹாஷ் மதிப்பு என்னும் கணித முத்திரை இருக்கிறது. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கு முறையில் செலுத்தினால், 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம் கிடைக்கும். இரண்டு மணிநேரப் பதிவில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அச்சரம் அடியோடு மாறிவிடும். அரக்கு முத்திரையின் இன்றைய வடிவம் என்று இதைச் சொல்லலாம். மின்னணுப் பதிவின் நகலுக்கு உரிய சான்றிதழ் வேண்டும் என்று 2014லும் 2020லும் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், அச்சான்றிதழிலேயே ஹாஷ் மதிப்பையும் குறிக்கச் சொல்கிறது.

அதே நாளில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நேரில் சென்று தடயம் சேகரிக்கவேண்டும் என்கிறது. இதைக் கட்டாயமாக்க மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. சட்டம் எழுதுவது எளிது. வல்லுநரை உருவாக்குவது எளிதன்று. இயற்பியலும் வேதியியலும் படித்துவிட்டு வேலை தேடும் நம் மாணவர்களுக்கு இது கவனிக்கத்தக்க துறை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வல்லுநர் சொன்னால் வேதவாக்கு என்றும் கொள்ளக்கூடாது. நுண்ணோக்கியில் இரு முடிகளை ஒப்பிட்டு ‘ஒன்றேதான்’ என்று சாட்சி சொன்ன தன் நிபுணர்கள், மறு ஆய்வுக்கு எடுத்த சாட்சியங்களில் 90 சதவீதத்துக்குக் குறையாதவற்றில் பிழையாகப் பேசியிருந்தார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2015 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. இதுவும் அதே 2015! மனித நினைவைச் சந்தேகிப்பதுபோல் வல்லுநரின் உறுதியையும் சந்தேகிக்கவேண்டும். எவ்வளவு துல்லியம், எவ்வளவு பிழை என்று சொல்லாத அளவீட்டை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஏற்பதில்லை. நீதிமன்றமும் ஏற்கவேண்டியதில்லை.

நம்முடைய பங்கு

தடயத்தை முதலில் அழிப்பவர் பெரும்பாலும் குற்றவாளி அல்லர். வேடிக்கை பார்க்கக் கூடும் நாம்தான். விபத்தோ கொலையோ, ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் கூடிவிடுகிறோம். கிடந்த பொருளை எடுத்துப் பார்க்கிறோம். இரத்தக் கறையின்மேல் மண் அள்ளிப் போடுகிறோம். போனில் படம் எடுத்து அனுப்புகிறோம். உயிர் இருந்தால் காப்பாற்றுவதுதான் முதல் கடமை. அதற்காக எது கலைந்தாலும் பரவாயில்லை. உயிர் இல்லை என்று தெரிந்த பின்னர் செய்யத்தக்கது தள்ளி நிற்பதும், மற்றவரைத் தள்ளி நிறுத்துவதும், நேரத்தைக் குறித்துக்கொள்வதும்தான். கடையிலோ வீட்டிலோ காமிரா வைத்திருப்பவர்கள், பல கருவிகள் சில நாளில் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும் என்பதை நினைவில் கொண்டு, காவல் துறைக்கு உடனே தெரிவிக்கவேண்டும்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவனுக்குப் பதில் சொன்னேன். “தம்பி, படத்துல போலீசால முடியலை, ஏன்னா, தேட வேண்டிய எடத்துல அவங்க தேடவே இல்லை” என்று லூமினாலையும் குழியையும் கருவி எண்ணையும் விளக்கினேன். பிறகு திருச்செங்கோட்டைச் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின், அவன் மட்டும் மேசையருகே வந்து நின்றான். “தடய அறிவியல் படிக்கோணும்னா எங்கீங்க சார் சேரோணும்?” என்று கேட்டான்.